ஐந்தடி வார்

இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டிப் படுப்பதற்கென்றே வட கரோலினா மலைகளில் ஏறும் கூட்டம் அது. அதில் டாயில் என்பவன் பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அறுத்து எறிந்துவிட்டுத்தான் கிளம்புவான். சுமையில் கால் அவுன்ஸ் குறைந்தால் போதும், சொர்க்கம். ஆனால் மரத்தைச் சுற்றிக் கட்டும் வார்களையும் அவன் கத்தரித்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தது கூட்டத்தில் மூத்தவளான ஓபல்தான். அடுத்தவர் மூட்டை அவிழும்போது அந்த அம்மாளின் கண் வேறெங்கே இருக்கும்?

பன்னிரண்டடி வார் ஐந்தடியாகச் சுருங்கியிருந்தது. நுனியில், பிரியாமலிருக்க நெருப்பில் உருக்கிய கறுப்புத் தழும்பு. மனைவி வெர்னாவின் வாரையும் சேர்த்தே நறுக்கியிருந்தான். அவளுக்கு மலைமேல் வந்துதான் தெரிந்தது.

"அஞ்சடிய வச்சு என்னத்தச் சுத்துறது? வேலிக் குச்சியையா?" என்றாள் வெர்னா.

"காட்டுல மரத்துக்கா பஞ்சம்?"

மரம் இருந்தது. உயிரோடிருந்த பாப்லர் மரங்கள் இரண்டு பேர் கைகோத்தால்தான் அணைபடும் பருமன்; வார் பாதிச் சுற்றுக்குக்கூட எட்டவில்லை. ஐந்தடிக்கு அடங்கியவை ஓடையோரத்து ஹெம்லாக் மரங்கள் மட்டும். வெள்ளைப் பூச்சி உறிஞ்சித் தீர்த்ததில், இலை ஒன்றுகூட இல்லாமல் எலும்பாய் வெளுத்து நின்றன.

டாயில் அவற்றில் இரண்டைப் பிடித்துக் கட்டினான். வாரை இழுத்து இறுக்கியபோது மேலிருந்து மரத்தூள் அவன் தொப்பியில் கொட்டியது. ஓபல் ஊன்றுகோலால் அடிமரத்தைத் தட்டினாள். காலிப் பானையின் சத்தம்.

"தம்பி, இது செத்த மரம். ராத்திரி பெருங்காத்து வேற வருதாம்."

"ஏங்க்கா, உங்க பதினஞ்சடி வாரு என்ன, லாரி இழுக்கவா? கழுதைக்கே மூச்சு வாங்கும்."

"சுமந்த கழுதை தரையில படுத்துக்கும். இந்தா, நீ எடுத்துக்க."

"வேணாம்."

ஊரையே கேலி பேசியவன், கேலி பேசிய வாரிலேயே தொங்குவானா? தூளிக்குள் கால்நீட்டித் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான். ஓபல் தன் வார்களை வெர்னாவிடம் கொடுத்தாள். வெர்னா முப்பது தப்படி தள்ளிப் பாப்லர்களில் கட்டினாள்.

வெயில் முகட்டுக்குப் பின்னால் இறங்கியது. ஒரு மரங்கொத்தி டாயிலின் மரத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டு கொத்து கொத்தியது. என்ன நினைத்ததோ, பறந்துவிட்டது.

"டாயில், கார் சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்றாள் வெர்னா.

"ஆமா. எதுக்கு?"

"குடுத்துட்டுப் படு. காலையில மரத்தப் புரட்டி உன் சட்டைப் பையில தேட என்னால முடியாது."

ஓபல் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வெர்னா சிரிக்கவில்லை.

"வேணும்னா வந்து வாங்கிக்க."

"அந்த மரத்துக்கடியில நான் வரமாட்டேன்."

முனகிக்கொண்டே இறங்கி, காலுறையோடு நடந்து வந்தான். சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தபோது காற்றே இல்லை. பிற்பாடு ஓபல் எத்தனையோ பேரிடம் சொல்லியும் யாரும் நம்பாத சங்கதி அது. இலைகூட அசையாத அந்த நேரத்தில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். மரத்தின் மேல்பாதி முறிந்து, தூளியைத் தரையோடு அறைந்து புதைத்தது.

நின்ற அடிமரத்தில் வார் மட்டும் அவிழாமல் இருந்தது. டாயில் அதையே பார்த்தான். வெர்னா சாவியோடு சேர்த்து அவன் கையையும் விடாமல் பிடித்திருந்தாள்.

ஓபல் தலையைத் தூக்கி, சுற்றிலும் வெளுத்து நின்ற மரங்களை எண்ணத் தொடங்கினாள். பதினேழை எண்ணும்போது, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து காற்று புறப்படும் ஓசை கேட்டது.