கொதித்தும் மாறாத நீலம்

எங்கள் தெருக் காசிநாதனைச் சிரிக்கவைப்பதற்காக அந்தப் பாட்டிலைக் கற்பூரத் தட்டுபோல் சுற்றிக் காட்டினேன். தக்கை கழன்று, என் மனைவி அம்சாவின் நீலத் தண்ணீர் முழுவதும் தரையில் கொட்டிவிட்டது. காசிநாதன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். நல்ல சிநேகிதன்.

அது சர்க்கரை வியாதிக்காரர்களின் தண்ணீர். அதன் பெயர் பெனடிக்ட் என்று டிஸ்பென்சரி கம்பவுண்டர் சொல்லியிருந்தார். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த நிறத்தைப் பார்த்துத்தான் மாத்திரை அரையா, ஒன்றா என்பதெல்லாம்.

அதை நான் தொடக் கூடாது என்பது அம்சாவின் கட்டளை. "புருஷன் கையால அதெல்லாமா? கர்மம்!" என்பாள். காலையில் கொல்லையில் உட்கார்ந்து அவளே காய்ச்சுவாள். நான் கூடத்திலிருந்து, "இன்னா கலரும்மா?" என்று கத்துவேன். பிள்ளையார்பாளையத்திலேயே பெண்டாட்டியிடம் நிறம் கேட்டுத் தெரிந்துகொள்கிற சாயக்காரன் நான் ஒருவன்தான்.

கொட்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை, டிஸ்பென்சரி கிடையாது. தெருக்குழாய்க்குப் போன அம்சா திரும்புவதற்குள் தரையைத் துடைத்துவிட்டுச் சாயப்பட்டறைக்கு ஓடினேன். பட்டுக்குச் சாயம் தோய்க்கிறவனுக்கு ஒரு நீலத்துக்கு ஜோடியாக இன்னொரு நீலம் பிடிப்பதா கஷ்டம்? மயில்கழுத்துச் சாயத்தைத் தண்ணீர் விட்டு இளக்கி, வெயிலில் தூக்கிப் பார்த்து, பாட்டிலில் ஊற்றித் தக்கையை மூடினேன். கம்பவுண்டரே ஏமாந்துபோவார். ஒரு வேளையாவது சுத்த நீலத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்படட்டும், அப்புறம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, வரப்போகிற சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"இன்னா கலரும்மா?"

"பச்சைங்க. பரவால்ல, எறங்கிக்கினு வருது."

பச்சையா? அது பட்டுச் சாயம். எவ்வளவு கொதித்தாலும் நீலம்தான். பாதி ஆயுசு அதைக் கிண்டியே போயிருக்கிறது எனக்கு.

என் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டு எனக்கே வேடிக்கை காட்டுகிறாள் என்று சிரித்துக்கொண்டே கொல்லைக்குப் போனேன். அவள் குழாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே நீலம் நீலமாகவே இருந்தது. அவள் கண்கள் குழாயைப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, சுவரில் எங்கேயோ நின்றன. விரல் நுனிகளில் சுட்ட தழும்புகள். சோறு வடிக்கும்போது கஞ்சி பட்டது என்று சொல்லியிருந்தாள்.

பங்குனி உத்திரம் ஞாபகம் வந்தது. சாமி தெருவில் வந்தபோது அம்சா எதிர்ப்பக்கம் திரும்பி, காசிநாதன் வீட்டு வாசலைக் கும்பிட்டாள். "காசிநாதனுக்கு எப்போ கோயில் கட்டினாங்க?" என்று நான் கேட்டதில் தெருவே சிரித்தது. அவள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"நல்லா பார்த்தியா, அம்சா?"

"பார்த்தேங்க."

"பச்சைதானா?"

"ஊருக்கே கலர் போடுற மனுசன், உங்களுக்கு நான் சொல்லணுமாக்கும்?"

எப்போது நிறம் கேட்டாலும் இப்படித்தான் மடக்குவாள். பட்டு நூலைக் காட்டிக் கேட்டாலும் இதேதான். ஒவ்வொரு முறையும் நான் சிரித்து ஏமாந்திருக்கிறேன். இப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்து குழாயை அவள் கையிலிருந்து வாங்கினேன். தொடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

"அம்சா, இது சாயத் தண்ணிம்மா. உன் பாட்டிலை நேத்து நான்தான் கொட்டிட்டேன். இது பச்சையாவே ஆவாது."

அவள் விளக்கின் மூடியைத் தேடினாள். அது அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கை தரையெல்லாம் துழாவி அதைத் தாண்டிப் போயிற்று. நான் எடுத்துக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எப்போலர்ந்தும்மா?"

"விளக்கு எரியறது மட்டும் தெரியுதுங்க" என்றாள். "அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. உத்திரத்தப்போ சாமி எந்தப் பக்கம் வந்துச்சுன்னே தெரியல. எல்லாரும் சிரிச்சாங்களா, நானும் சிரிச்சிட்டேன்."