கேட்காமல் கொடுக்கும் தண்ணீர்

மூன்று வருடமாக வேல்ராஜ் எனக்குப் பிரதர், நான் அவருக்கு சிஸ்டர். சபை வழக்கம் அப்படி. கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற ஆளை வாய் நிறையப் பிரதர் என்று கூப்பிட்டுப் பாருங்கள், அப்போது என் எரிச்சல் புரியும்.

எங்கள் சபை ஒரகடத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போலத் தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். நான் சாத்தான்குளம் பக்கம், பெயர் ஜெபக்கனி. கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. கீறல் இருந்தால் ரிஜெக்ட், இல்லாவிட்டால் ஓகே. ஷிப்டு முழுக்க என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த முகம் அவருக்குப் பிடித்திருக்கிறதா என்பது மட்டும் எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை.

வேல்ராஜ் கழுகுமலைக்காரர். பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இங்கே வந்த பிறகுதான் விசுவாசத்துக்குள் வந்தார். புதிதாக வந்தவர் என்பதால் வேகம் ஜாஸ்தி. ஒரு சட்டை எடுப்பதற்குக்கூடக் கர்த்தருடைய சித்தம் கேட்பார். நம் வாழ்க்கையில் எல்லாமே முன்குறிக்கப்பட்டதுதான், அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் போதும் என்பார். நான் பரம்பரைக் கிறிஸ்தவள். அப்படியானால் பச்சைச் சட்டையா நீலச் சட்டையா என்பதும் அங்கே முடிவாகியிருக்கிறதா என்று கிண்டல் செய்வேன். ஆனால் ஆராதனையில் ஆண்கள் பக்கம் தெரியும் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே எத்தனை பிரசங்கத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன் என்பது அந்தக் கர்த்தருக்குத்தான் தெரியும்.

போன மாதம் அவருக்குக் குஜராத் பிளான்ட்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை போதகரம்மா கங்கம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். இந்தப் பக்கத்துக்காரர். மனசில் எதையும் பூட்டி வைக்கத் தெரியாதவர்.

“ஒன்னாண்ட சொல்லக்கூடாது கனி, ஆனா சொல்லிட்றேன். வேல்ராஜு ஒன்ன கட்டிக்கிறதா வேணாமான்னு ஜெபம் பண்ணிகினு கீறாரு. நாளைக்கு ஆராதன முடிஞ்சதும், அவரு கேக்காமலே நீயா தண்ணி எடுத்தாந்து குடுத்தா ஒங்க வூட்ல வந்து பேசுவாராம். இல்லன்னா பேசாம குஜராத் போயிடுவாராம்.”

ஞாயிறு பள்ளியில் கேட்ட பைபிள் கதைதான். எஜமானின் மகனுக்குப் பெண் தேடிப்போன வேலைக்காரன் கிணற்றடியில் நின்றுகொண்டு, எனக்கும் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் வார்க்கிறவளே அந்தப் பெண்ணாக இருக்கட்டும் என்று அடையாளம் கேட்டான். அவன் இன்னொருவருக்குப் பெண் பார்க்கப் போனவன், கேட்டதில் நியாயம் உண்டு. இவர் தனக்குத்தானே பார்க்கிறார். தன் மனசைத் தானே கேட்டுக்கொள்ள இவருக்கு என்ன கேடு?

“இப்பதான் எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இனிமே குடுத்தா அது எப்படிம்மா அடையாளம் ஆகும்?”

“நான் ஒளறுனதும் கர்த்தரோட சித்தம்னு வச்சிக்கோயேன்,” என்று கங்கம்மாள் சிரித்தார். “பேசாம குடுத்துடு. கல்யாணம் ஆனப்பறம் யாரு வந்து கேக்கப்போறா?”

ஒரு டம்ளர் தண்ணீரில் காரியம் முடிந்துவிடும். ஆனால் ஆயுசுக்கும் அவர் என்னைக் கர்த்தர் காட்டிய பெண் என்றுதான் நினைப்பார். இவளாக விரும்பி என்னிடம் வந்தாள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு நீ வேண்டும் என்று அவரும் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மூன்று வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆராதனையின் பாதியிலேயே கரண்டு போய்விட்டது. தகரம் காய்ந்து எல்லாரையும் வேகவைத்தது. கடைசி ஜெபம் முடிந்ததும் சபையே தண்ணீர் கேனை மொய்த்தது. வேல்ராஜ் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. உதடு வறண்டுபோயிருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

தண்ணீர் பிடித்துக்கொண்டு அவரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

“நீங்க கேட்ட அடையாளம் எனக்கு நேத்தே தெரியும். கங்கம்மா சொல்லிட்டாங்க. இத எங்கிட்ட யாரும் குடுத்து அனுப்பல. எனக்கு ஒங்களப் பிடிச்சிருக்கு, அதான் கொண்டாந்தேன். ஒங்களுக்கும் என்னயப் பிடிச்சிருந்தா குடிங்க, வேல்ராஜ்.”

பிரதர் போடாமல் அவர் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. டம்ளரை வாங்கினார். அப்புறம் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினார்.

“கண்ண மூடாதீங்க. என்னயப் பாருங்க. பிடிச்சிருக்கா, இல்லையா?”

கண்ணைத் திறந்தார். கலங்கியிருந்தது. பிடித்திருக்கிறது என்று அந்தக் கண் சொன்னதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

“எனக்குப் பிடிச்சா மட்டும் போதுமா சிஸ்டர்? நீங்க தெரிஞ்சு கொண்டாந்தா அது அடையாளம் இல்லையே. இன்னும் கொஞ்சம் ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்,” என்று டம்ளரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தண்ணீரை நான் குடித்தேன். எனக்கும் தாகமாகத்தான் இருந்தது.

அவர் குஜராத் போய்விட்டார். பதில் இன்னும் வரவில்லை. ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் போனைத்தான் எடுத்துப் பார்க்கிறேன். ரூமுக்கு வந்து முழங்காலில் நிற்கிறேன். எதைக் கேட்டாலும் கடைசியில் ‘உமக்குச் சித்தமானால்’ என்று சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்று சின்னதிலேயே வீட்டில் பழக்கியிருந்தார்கள். இத்தனை வருடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது, எனக்கு அவர்தான் வேண்டும் ஆண்டவரே என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு உடனே ஆமென் போட்டுவிடுகிறேன்.