ஙா என்ற பெயருடைய குழந்தை

அந்த ஊரில் ஒரே பெயர் வைத்த பெண் குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே குழந்தைதான். பையன்களுக்கு இந்த ஏற்பாடு கிடையாது. ஏன் என்று யாரும் கேட்டதும் கிடையாது.

போன வருஷம் தன்ஷிகா என்ற பெயர் கொடிகட்டிப் பறந்தது. தெருவுக்கு நாலு வீட்டில் அதையே வைத்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு தொட்டிலைத் தவிர மற்றதெல்லாம் காலி. அம்மாக்கள் கூடிப் பேசி முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் டெய்லர் வீடு, ஒருநாள் மாவு மில்காரர் வீடு. தன்ஷிகா நன்றாகத்தான் இருக்கிறாள். போகிற வீட்டிலெல்லாம் ஊட்டுகிறார்கள் அல்லவா, கொஞ்சம் குண்டு. அவ்வளவுதான்.

மாசமாக இருந்த சுகன்யா இதைக் கேட்டதும் வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அவளும் அப்படி வளர்ந்தவள்தான். அவள் பிறந்த காலத்தில் சுகன்யா என்ற பெயருக்கு அப்படி ஒரு மவுசு. ஏழெட்டு வீட்டுச் சோறு தின்று வளர்ந்தாள். ஒரு வீட்டில் ரசத்தில் வெல்லம் போடுவார்கள். இன்னொரு வீட்டில் சாப்பிடும்போது பேசக்கூடாது. கல்யாணம் ஆக ஆக அந்த ஒருத்தியிலிருந்து சுகன்யாக்கள் ஒவ்வொருத்தியாகக் கழன்று அவரவர் புருஷனோடு போனார்கள். எந்த அம்மா தன் அம்மா என்று இவளுக்கு இன்றைக்கும் தெரியாது. பிரசவத்துக்கு எல்லா அம்மாவும் வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி அழுதார்கள். யார் தோளில் சாய்வது என்று தெரியாமல் இவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஆகவே தன் மகள் தனக்கு மட்டும்தான் என்பதில் சுகன்யா ஒரே பிடியாக இருந்தாள். ஊரில் ஒருத்தரும் வைக்காத பெயர் வேண்டும். குழந்தை திருவாதிரை நட்சத்திரம். கு, க, ங, ச ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் ஆரம்பிக்கலாம் என்றார் ஜோசியர். திருவாதிரைக்காரர்கள் எல்லாரும் கு, க வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, படுத்திருக்கிற நாயைத் தாண்டுகிற மாதிரி ங-வைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

"ஙவுல வைப்போம்," என்றாள் சுகன்யா.

அவள் கணவன் தனசேகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஙவுல பேரே கிடையாதேம்மா."

"அதனாலதான் சொல்றேன்."

அவன் வெகுநேரம் யோசித்தான். "ஙாஷிகா?"

சுகன்யா ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி சரி. வெறும் ஙா."

ஒரு சிக்கல் இருந்தது. அர்த்தம் இல்லாத பெயர் குழந்தையின் மேல் ஒட்டாது. ஸ்டிக்கர் பொட்டு மாதிரி எங்கேயாவது உதிர்ந்துவிடும். அதனால் பச்சைக் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அர்த்தக் கிடங்குக்குப் போனார்கள்.

கிடங்கைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டே முன்னால் நடந்தாள். நீளமான நடைவழி. இருபுறமும் கதவுகள். பூவின் பெயர்கள் இருந்த கதவுகளுக்கு அடியில் ஈரம் கசிந்தது. நிலாவின் பெயர்கள் இருந்த இடத்தில் தரை வெளுத்துக் கிடந்தது. தன்ஷிகா என்ற கதவைத் திறந்தால் செங்கல் சுவர்.

"அர்த்தம் இன்னும் வந்து சேரல," என்றாள் அந்த அம்மாள். "இப்போதைக்கு செல்வத்தின் அரசின்னு சொல்லிக்கிறாங்க. கொஞ்ச நாளைக்கு ஒட்டும்."

நடக்க நடக்க நடை நீண்டது. நடுவில் ஒரு டீக்கடை வந்தது. டீ குடித்துவிட்டு மறுபடி நடந்தார்கள். கடைசியில் கதவே இல்லாத ஓர் அறை. உள்ளே ஒன்றுமில்லை. ஜன்னல் இல்லை, சாமான் இல்லை, தூசிகூட இல்லை.

"காலியா இருக்கேங்க," என்றான் தனசேகர்.

"வெளிய நின்னா அப்படித்தான் தெரியும்."

சுகன்யா குழந்தையோடு உள்ளே போனாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. ஏதோ சொல்ல வருகிறோம், வாய் இன்னும் திறக்கவில்லை, அதற்குள் தொண்டைக்குள் ஒன்று அசையுமே, அது. அம்மா என்ற சொல்லுக்கும் முந்தியது. ஊர், ஆறு, மழை எதற்கும் யாரும் இன்னும் பெயர் வைக்காதபோது இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கும்பிட வேண்டும் போல இருந்தது. கையில் குழந்தை இருந்ததால் கும்பிட முடியவில்லை. அடேயப்பா, இவ்வளவு பெரிசா, இவ்வளவு பெரிசா என்று நின்றாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "இதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அதாங்க இது."

"இதுக்கு முன்னாடி யாராச்சும் வாங்கிட்டுப் போயிருக்காங்களா?"

அந்த அம்மாள் கடலைத் தோலை ஊதினாள். "இங்க வந்து வாங்கினவங்க யாருமில்ல."

சுகன்யாவுக்கு அது போதும். அறைக்குள் கேட்டதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பெயரை முதலில் காதில் சொல்ல வேண்டியவள் அத்தை. அந்த வீட்டில் அத்தை என்றால் தனசேகரின் அக்கா பவானி. பவானி ரகசியம் பேசினால் பஸ்ஸில் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். பெயர் நாலு பேர் காதில் விழுந்து, நல்லா இருக்கே என்று அவர்களும் வைத்துவிட்டால் தீர்ந்தது. சுகன்யா எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மதினி, மெதுவாச் சொல்லுங்க. பிள்ளைக்கு மட்டும் கேட்டாப் போதும்."

"எனக்குத் தெரியாதா? நான் என்னிக்குடி சத்தமாப் பேசியிருக்கேன்?" என்று பவானி கத்தினாள்.

வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு மூன்று தடவை சொன்னாள். ஙா. ஙா. ஙா.

குழந்தை கண்ணைத் திறந்தது. "ஙா," என்றது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஙா வந்தது. எதிர்வீட்டிலிருந்து ஒன்று. அடுத்த தெரு, சந்தைப்பேட்டை, ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம். ஊரில் பல் முளைக்காத வாய் ஒவ்வொன்றும் ஙா என்றது. பையன்களும் சொன்னார்கள். வாயை மறைத்த வெற்றிலையைப் பவானி எடுக்கவே இல்லை.

"அடக் கடவுளே," என்றான் தனசேகர். "இத்தனை நாளும் எல்லாப் பிள்ளைகளும் தன் பேரையா சொல்லிக்கிட்டு இருந்துச்சுங்க?"

ஊரில் அத்தனை தொட்டிலும் காலியானது, பையன்களுடையதும்கூட. சுகன்யாவின் மடியில் குழந்தை கனத்தது. பார்க்க அதே அளவுதான், அதே சுருக்கம் விழுந்த விரல்கள்தான். ஆனால் ஊர்ப்பட்ட கனம். தொடை மரத்துப்போனது. கீழே வைக்க மனசு வரவில்லை.

வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள். வேலையைப் போட்டது போட்டபடி வந்தவர்கள். எல்லாருக்கும் பால் சுரந்து ரவிக்கை நனைந்திருந்தது. வாசலை அடைத்து நின்றார்கள், தெருவை அடைத்து நின்றார்கள்.

"தர மாட்டேன்," என்றாள் சுகன்யா. "இவ என் பிள்ளை. எனக்கு மட்டும்தான். முறை கிறைன்னு யாரும் வாயைத் திறக்காதீங்க."

மாவு மில்காரர் மனைவி முன்னால் நின்றாள். முடியெல்லாம் மாவு. "நீ தர வேண்டாம்மா. நாங்க இப்படியே நின்னு பார்த்துட்டுப் போறோம்," என்றாள்.

குழந்தை அவளைப் பார்த்து, "ஙா," என்றது.

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சுகன்யாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள் கடைசியில். "தலையைப் பிடிச்சுத் தூக்குங்க. கழுத்து இன்னும் நிக்கல."

மாவு மில்காரர் மனைவி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். சுகன்யாவின் மடியில் குழந்தை அப்படியே இருந்தது; அடுத்தவள் குனிந்து தூக்கிக்கொண்டாள். அதற்கடுத்தவளும் தூக்கிக்கொண்டாள். வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. சுகன்யாவின் மடியில் கனம் குறையவே இல்லை.