அறுபடாத பட்டம்

திகா கடற்கரையில் கல்கத்தா பஸ்கள் ஆட்களை இறக்கிக்கொண்டேயிருந்தன. தன்னைவிடப் பெரிய பட்டத்தின் காற்றடைத்த விளிம்பைப் பிடித்தபடி சுபிக்ஷா நின்றாள். எண்பது அடி தள்ளி, கயிறுகளின் மறுமுனையை இடுப்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு அண்ணன் விவேக். செக்டர் ஃபைவ் ஐ.டி. கம்பெனி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய எட்டு மாதத்தில், பட்டம் இழுக்க அலைமேல் பலகையில் சறுக்கப் பழகிவிட்டு வந்திருந்தான். காற்று கடலிலிருந்து நேரே கரைக்கு அடித்தது. பட்டம் விழுந்தால் ஜனங்கள்மேல்தான் விழும்.

கயிற்றை விரிக்கும்போதே சொல்லிப் பார்த்தாள்.

“இங்க வேண்டாம்ணா. சவுக்குத் தோப்பு தாண்டிப் போயிடலாம். அங்க யாருமே இல்ல.”

“இத்தனையும் தூக்கிண்டு ரெண்டு கிலோமீட்டரா? அந்த ஊர்ல பட்டத்தப் பாத்தாலே எல்லாரும் ஒதுங்கிப்பா. பயந்தாங்கொள்ளி! நான் கட்டைவிரலத் தூக்கினா விட்டுடு, அவ்ளோதான்.”

இங்கே ஒதுங்க மாட்டார்கள். விஸ்வகர்மா பூஜையன்று பாலிகஞ்ச் மாடிகளில் ஒரு பட்டம் அறுந்தால் ‘போ-காட்டா!’ என்று தெருவே கத்திக்கொண்டு ஓடும். அறுந்த பட்டம், நூலை முதலில் பிடித்தவருக்கு. அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் அவன் நடந்துவிட்டான்.

கட்டைவிரல் உயர்ந்தது. விட்டாள்.

பட்டம் எழும்பி, தலைகுப்புறக் கவிழ்ந்து மணலில் மோதியது.

“போ-காட்டா!”

நாலாபக்கமிருந்தும் குழந்தைகள் ஓடிவந்தார்கள். ஃபிராக் போட்ட ஒரு சின்னப் பெண்தான் முதலில். மாடியில் சுற்றுவதைப்போலவே கயிற்றை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பட்டத்தின் ஓரம் படபடத்துத் தூக்கியது. அடுத்த காற்றில் அது கிளம்பினால் அந்த விரல்?

“செடே தே! விட்டுடு!”

குழந்தை சிரித்தாள். தனக்குக் கிடைத்ததை யாராவது விடுவார்களா?

சுபிக்ஷா பட்டத்தின்மேல் குப்புற விழுந்தாள். லேக் மார்க்கெட் கடையில் உப்பு கேட்கவே கூசுகிறவள், கரை முழுக்கக் கேட்கும்படி அலறினாள்.

“காட்டேனி! காட்டேனி!” அறுபடவில்லை என்று.

குழந்தையின் முகம் வாடியது. கயிற்றைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனாள். அது விவேக்கின் இடுப்பில் முடிந்தது. அறுபடாத பட்டத்தைத் தொடக்கூடாது. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துவிட்டாள்.

விவேக் மூச்சிரைக்க வந்தான். “எழுந்திரு சுபி. ஒண்ணும் ஆகலயே.”

“முதல்ல காத்தப் பிடுங்கு.”

அவன் குனியவில்லை. கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

அவள் எழவில்லை. அடியில் பட்டம் ஏதோ பிராணிபோல ஏறி இறங்கியது. குழந்தைகள் கலையாமல் சுற்றிலும் மணலில் குந்திக்கொண்டார்கள். சிவந்த விரலை வாயில் வைத்தபடி அந்தப் பெண் காத்திருந்தாள், எப்போது அறுபடும் என்று.