குளியல் கூடம் வரை கேட்ட கைத்தட்டு

தென்கொரியாவின் குன்சான் துறைமுகத்துப் பின்தெருவில் இருக்கும் அந்தப் பெண்கள் குளியல் கூடத்தில் சனிக்கிழமை என்றால் கால் வைக்க இடம் இருக்காது. வாரம் முழுக்கச் சேர்ந்த அழுக்கையும் அலுப்பையும் ஊர்ப் பெண்கள் அன்றைக்குத்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். வெந்நீர்த் தொட்டியில் கழுத்து வரை ஊறி, தோல் இளகியதும், மூலையில் கிடக்கும் மேஜையில் வந்து குப்புறப் படுப்பார்கள். அங்கே அழுக்குத் தேய்த்துவிடும் வேலை பார்க்கும் மிரான் பச்சைத் துணியுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பிப்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். ஈரக் கைகளைச் சேர்த்துப் 'பட், பட்' என்று இரண்டு தட்டுவாள். திரும்பிப் படு என்று அர்த்தம். அந்த ஊரில் பாதிப் பேரை வருஷக்கணக்காக அவள் அப்படித்தான் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு அவளுக்குக் கை இங்கே, மனசு சியோலில். மகள் செபின் அங்கே இளையோர் பாலே போட்டியின் இறுதிச் சுற்றில் நின்றாள். தாய் கூடப் போயிருக்க வேண்டியதுதான். ஆனால் உடன் வேலை செய்பவள் இடுப்பு ஆபரேஷனுக்குப் படுத்துவிட்டாள். சனிக்கிழமை கூட்டத்தைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு ஓடுவதற்கு மிரானுக்கு மனம் வரவில்லை. நடன ஆசிரியையோடு மகளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

குளியல் கூடத்தின் சொந்தக்காரி பியோ அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். காலையிலேயே தன் போனை உடை மாற்றும் கூடத்து டிவியில் இணைத்து, போட்டியின் நேரலையைப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். பாலே என்றால் என்ன என்று அதுவரை எட்டிப் பார்க்காத பெண்கள், தலையில் துண்டும் கையில் சுட்ட முட்டையுமாக உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் நடுவர்களாகிவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்கு வீட்டில் சோறே போடுவதில்லையா என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பையன் குதித்துவிட்டு இறங்கவே மறந்துவிட்டான் என்று இன்னொருத்தி வியந்தாள்.

இவர்களுக்குப் பாடம் எடுக்க ஹான்பிட் அம்மா இருந்தாள். அவள் மகள் ஹான்பிட் சில வருஷம் பாலே ஆடிவிட்டு நிறுத்திக்கொண்டவள். மகள் விட்டாலும் தாய் விடவில்லை. யாருக்குக் கால் வளைந்தது, யாருக்கு முழங்கால் மடங்கியது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் போட்டியின் வழக்கம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பரிசுகளைக் கீழேயிருந்து மேலே வாசிப்பார்கள், மகாபரிசு கடைசியில் வரும், அதை வாங்கியவர் மேடை நடுவில் வந்து தன் ஆட்டத்தில் ஒரு துளியை இசையில்லாமல் ஆடிக் காட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னாள்.

மிரான் இடையிடையே ஈரக் கையோடு வந்து தூண் மறைவில் நின்று பார்த்தாள். அவள் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. போன மாதம் இரவுச் சாப்பாட்டின்போது, தாயின் மணிக்கட்டில் வலிக்குச் சுற்றியிருந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்த செபின், இந்தப் போட்டியில் பரிசு எதுவும் வரவில்லை என்றால் பாலேயை விட்டுவிடுகிறேன் என்று சொன்னாள். அன்றைக்கு மிரானுக்கு அப்படி ஒரு அசதி. "சரி" என்றுவிட்டாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் செபின் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, எழுந்துபோய்க் கிண்ணம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

மதியத்துக்கு மேல் செபின் மேடைக்கு வந்தாள். வெள்ளை உடை, நிமிர்ந்த கழுத்து. கூடத்தில் முட்டை உரிக்கும் சத்தம்கூட நின்றது. அந்த ஆட்டத்தில் நடனக்காரி கைகளை உயர்த்தித் தட்டும் இடம் ஒன்று உண்டு. அங்கே உள்ளங்கைகள் உரசினால் போதும், சத்தம் வரக் கூடாது என்று ஆசிரியை தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தார். இந்தக் கூடத்தின் ஈரத் தரையில் தவழ்ந்து வளர்ந்த பெண்ணுக்கு அந்த மெல்லிய தட்டு கடைசி வரை கைவரவில்லை. கைகள் உயர்ந்தன. பட், பட்.

டிவி முன்னால், அடியில் சூடேற்றிய தரையில் குப்புறப் படுத்திருந்த கருவாட்டுக்கடை மல்சுன், பாதித் தூக்கத்தில் அப்படியே புரண்டு மல்லாந்து படுத்தாள்.

கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஏன்டி சிரிக்கிறீங்க? திரும்புன்னு சொன்னா திரும்ப வேண்டியதுதானே" என்றாள் மல்சுன், கண்ணைத் திறக்காமலே. மிரானும் சிரித்துவிட்டாள். ஹான்பிட் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் சத்தம் வந்தால் மதிப்பெண் போய்விடும் என்று மெதுவாகச் சொன்னாள். மிரானின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

மாலையில் முடிவு வாசிக்கும்போது தொட்டிகள் காலியாகிவிட்டன. எல்லாரும் டிவி முன்னால் கூடிவிட்டார்கள். மேடையில் பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊக்கப் பரிசு வாசித்தார்கள். செபின் பெயர் இல்லை. அதெல்லாம் சின்னப் பரிசு, நமக்கெதற்கு என்றார்கள் பெண்கள். வெண்கலம் வாசித்தார்கள். அதிலும் இல்லை. வெள்ளிக்கு ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் கையைப் பிடித்தாள். தங்கத்துக்குக் கண்ணாடி போட்ட ஒரு நெட்டைப் பெண் எழுந்துபோய் வணங்கினாள். டிவியில் கைத்தட்டல், குளியல் கூடத்தில் குழாய் சொட்டும் சத்தம்.

"இனி மகாபரிசுதான் பாக்கி. ஆம்பளப் பசங்க, பொண்ணுங்க எல்லாருக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு" என்றாள் ஹான்பிட் அம்மா. குரல் தணிந்திருந்தது. "அது சியோல் பள்ளிக்கூடங்களத் தாண்டி வந்ததே இல்ல, செபின் அம்மா. மனசத் தேத்திக்கோ."

மிரான் தலையை ஆட்டினாள். "மல்சுன் அக்கா, அடுத்தது உங்க முறைதானே? வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மகள் தலை குனிந்து மேடையை விட்டு இறங்குவதை அவளால் பார்க்க முடியாது.

மேஜையில் மல்சுன் படுத்தாள். மிரான் கதவுக்கு முதுகைக் காட்டி நின்று தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் மல்சுன் முனகினாள். "என் முதுகு என்னடி பாவம் பண்ணுச்சு?"

மிரான் கையைத் தளர்த்தினாள்.

"அழணும்னா அழுதுரு. இங்க எல்லாமே ஈரந்தான். எவளுக்குத் தெரியப்போவுது?"

மிரான் அழுதாள். "விட்டுடறேன்னு அவ சொன்னப்போ, கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும் அக்கா. நான் சரின்னுட்டேன். பெத்தவ சொல்ற வார்த்தையா அது?" மல்சுன் கையை நீட்டித் தண்ணீர் வாளியை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். மிரான் ஒரு செம்பு மொண்டு முகத்தில் ஊற்றிக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

அப்போது பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. ஈரக் கால்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்து நிற்பது கேட்டது. யாரும் பேசவில்லை. வாய் ஓயாத பியோ அக்காவே பேசவில்லை என்றால் விஷயம் என்ன என்று மிரானுக்குப் புரிந்துவிட்டது. ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று தெரிந்து, அவள் திரும்பாமல் மல்சுனின் தோளையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவச் சாத்துங்கடி, குளிருது" என்றாள் மல்சுன்.

யாரும் சாத்தவில்லை. யாரோ டிவியின் சத்தத்தை முழுசாக ஏற்றியிருந்தார்கள். சியோல் அரங்கத்தின் அமைதி திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது. ஓர் இருமல், மரத்தரையில் பாலே காலணி உரசும் சத்தம். பிறகு அந்த அமைதியின் நடுவே, காய்ந்த உள்ளங்கைகள் இரண்டு.

பட், பட்.

மேஜையில் மல்சுன் புரண்டு மல்லாந்தாள். மிரானும் திரும்பினாள்.

வாசலில் நின்ற பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். துண்டு கட்டியவர்கள், கட்ட மறந்தவர்கள், கையில் பாதி முட்டையோடு நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். ஆனால் அது ஆறுதல் சொல்ல வந்த அழுகை இல்லை. "மகாபரிசு" என்றாள் பியோ அக்கா ஒருவழியாக. "அந்தப் பெரிய பரிசு, செபின் அம்மா. அதத் தூக்கிட்டா." அதற்குப் பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் மிச்சம். வெந்நீர்த் தொட்டியைக் கையால் அடித்தார்கள், வாளிகளைத் தட்டினார்கள். ஹான்பிட் அம்மா மிரானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் வாயைக் கழுவவேண்டும், என் வாயைக் கழுவவேண்டும் என்று தேம்பினாள். ஒரு துளி ஆடிக் காட்டச் சொன்னபோது, செபின் எந்தச் சுழற்சியையும் ஆடவில்லையாம். மேடை நடுவில் நிமிர்ந்து நின்று, கையை உயர்த்தி, அந்த இரண்டு தட்டை மட்டும் தட்டினாளாம். ஒருநாளும் ஒரு கிண்ணம் இலவசமாகக் கொடுத்தறியாத பியோ அக்கா, எல்லாருக்கும் இனிப்பு அரிசிப் பானம் என் கணக்கில் என்று அறிவித்தாள். அந்தச் செய்திக்கு இன்னொரு தடவை கூரை அதிர்ந்தது.

கொக்கியில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கிய மிரானின் போன் அடித்தது. அவள் பையோடு சேர்த்தே காதில் வைத்துக்கொண்டாள். பெண்கள் அவளைச் சுற்றி நெருங்கினார்கள்.

"அம்மா, பாத்தியா?"

"பாக்கல" என்றாள் மிரான். பொய் சொல்ல வரவில்லை. "முதுகு தேச்சிட்டிருந்தேன். ஆனா நீ தட்டுனது கேட்டுச்சு. திரும்பிட்டேன்."

மறுமுனையில் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. மிரான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்க பாருடி. விட்டுடறேன் கிட்டுடறேன்னு இனிமே ஒரு வார்த்த உன் வாயிலேர்ந்து வந்துச்சு, முதுகுத் தோல உரிச்சுருவேன். நான் சரின்னு சொன்னதெல்லாம் செல்லாது. கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"முதல்ல என் தோல உரிச்சு முடிடி" என்று மேஜையிலிருந்து மல்சுன் குரல் கொடுத்தாள். "எந்தப் பக்கம் தேச்சே, எந்தப் பக்கம் பாக்கின்னு எனக்கே தெரியல."

மிரான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மகளுக்கும் கேட்கும்படி கையைச் சேர்த்து இரண்டு தட்டினாள்.