ஞாயிற்றுக்கிழமைச் சன்னம்

லண்டனில் ஹரோவுக்கு அப்பால் இருக்கும் சிறிய துப்பாக்கிக் கழகத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குலசேகரம் சுட்ட முதலாவது சன்னம், பின்னேரத் தேநீர் நேரத்துக்குத்தான் இலக்கு அட்டையைப் போய்ச் சேர்ந்தது. தூரம் ஒன்றும் அதிகமில்லை. இரண்டு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம்தான். வெடிச்சத்தம் வழமைபோலக் கேட்டது, மருந்து வழமைபோல மணத்தது. சன்னம் மட்டும் துப்பாக்கிக் குழல் வாயை விட்டு வெளியே வந்து, நெஞ்சளவு உயரத்தில், மதிலில் நத்தை ஊருகிற மாதிரி முன்னே போய்க்கொண்டிருந்தது. கழகத்து வெள்ளைக்காரர்கள் அதைக் கண்டதும் முதலில் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தார்கள். பிறகு கூட்டம் கூடி, சன்னம் போய்ச் சேரும் வரைக்கும் சிவப்புக் கொடியை இறக்குவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை.

அந்தத் துவக்கு குலசேகரத்தின் கைக்கு வந்தது பக்கத்து வீட்டு றிட்லிக் கிழவரால். பெற்றோல் ஷெட் மனேஜராக இருந்து ஓய்வெடுத்த குலசேகரம், தனிக்கட்டையான கிழவரை இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவர். கிழவர் கண்ணை மூடியபோது தன் தகப்பனுடைய பழைய துவக்கை இவர் பெயருக்கு எழுதி வைத்திருந்தார். திருத்தி ஒரு தரமாவது சுடவேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. வேறு யாரும் என்றால் கும்பிடு போட்டு விலகியிருப்பார்கள். குலசேகரத்துக்கு உயிரோடு இருப்பவர்கள் நீட்டும் கேக் துண்டையே வேண்டாம் என்று சொல்லத் தெரியாது.

“செத்த மனிசன் தந்ததை வேண்டாமெண்டு ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது, மலர்?” என்று மனைவியிடம் கேட்டார்.

“அது இந்த வீட்டுக்குள்ளை வந்தால் நான் இஞ்சை இருக்கமாட்டன்” என்றார் செல்வமலர். குலசேகரம் அதைச் சும்மா கோபத்தில் சொன்ன பேச்சாக எடுத்துக்கொண்டார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் விட்ட பெரிய பிழை அதுதான். செல்வமலரின் தம்பி ரமணன் பத்தொன்பது வயதில் கொக்குவில் சந்தியில் சூடு பட்டு விழுந்தவன். சுட்டது யார் என்பதற்கு அந்தக் காலத்தில் ஊரில் பல பதில்கள் இருந்தன, ஒன்றையும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்தது. லண்டனுக்கு வந்த பிறகும் செல்வமலர் அதைப் பற்றி ஒருவருடனும் கதைத்ததில்லை. நவம்பர் மாதத்தில் நகரமெல்லாம் வாணவெடி விடும் நாட்களில் வோஷிங் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, அதன் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துவிடுவார். வீட்டில் அதற்கு ஒருவரும் காரணம் கேட்பதில்லை.

சட்டப்படி அனுமதி கிடைக்கும் வரைக்கும் துவக்கு, துப்பாக்கி விற்கும் வியாபாரி ஒருவரின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். குலசேகரம் கழகத்தில் புதுமுகமாகச் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் வியாபாரியின் பட்டறையில், அவர் கண் முன்னாலேயே, துவக்கைக் கழற்றித் துடைத்தார். குழலுக்குள் வெளிச்சம் பிடித்து வீக்கமோ வெடிப்போ இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் வியாபாரி அவரைத் தொடவிட்டார். வாய்ப்பக்கத்து விளிம்பு தேயாமல், பின்பக்கத்தால் பித்தளைத் தூரிகையை விட்டுத் துரு எடுக்கவேண்டும். எண்ணெய் தோய்த்த துணித்துண்டு முதலில் பால் விடாத பிளேன் ரீ நிறத்தில் வந்தது, பிறகு சாம்பல் நிறத்தில், மாரி முடிகிற நேரம் வெள்ளையாக வந்தது. மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். மழுங்கிப்போன ஊசியை வியாபாரியே மாற்றினார். அது சின்னத் தோட்டா. ஊசி அதன் அடி விளிம்பில் தட்டினால்தான் வெடிக்கும்.

கழகத்தில் அவருக்குப் பழக்கியவர் கத்தரின், பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் மன்னார்க்காரி, சுடுமிடத்துப் பொறுப்பதிகாரி. “வெறுந்துவக்கு எண்டு ஒண்டு இல்லை அண்ணை” என்பார். “வாய் எப்பவும் இலக்குப் பக்கம். தட்டியும் வெடிக்கேல்லை எண்டால் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு பொறுத்திருங்கோ. உடனை திறந்து பாக்கிற வேலை வேண்டாம்.” குலசேகரம் பொறுத்திருப்பதில் கெட்டிக்காரர். கழகமே அவரை மெச்சியது.

கடைசியில் பொலிஸிலிருந்து ஒருவர் வீடு பார்க்க வந்தார். மாடிப்படிக்குக் கீழே சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. பிறகு குசினிக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, செல்வமலரிடம் தனியாகக் கேட்டார்: இந்த வீட்டில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஏதாவது மனக்கஷ்டம் உண்டா? ஒரு சொல் போதும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பொலிஸோ ஆமியோ வாசலுக்கு வந்து கேட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லித் தப்புகிற ஊரில் வளர்ந்தவர் செல்வமலர். வாய் தன்பாட்டில் “நோ ப்ராப்ளம், சேர்” என்றது. கை பிஸ்கட் தட்டை நீட்டியது. வந்தவர் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டு, திருப்தியோடு போனார்.

துவக்கு வீட்டுக்கு வந்த அன்றே செல்வமலர் ஒரு சூட்கேசோடு வெம்பிளியில் இருக்கும் மகள் சிவரூபினி வீட்டுக்குப் போய்விட்டார். குலசேகரம் தினமும் போன் எடுத்தார். செல்வமலர் குப்பை வாளியை எந்த நாள் வெளியே வைப்பது என்பதைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. குலசேகரம் பருப்பை அடிப்பிடிக்க வைத்தார், கடைப் பாண் துண்டோடு காலம் தள்ளினார். துவக்கு வேண்டுமா மனிசி வேண்டுமா என்று அவரையே கேட்டால், யோசிக்காமல் மனிசி என்றுதான் சொல்லியிருப்பார். “ஒரே ஒருக்கால் சுட்டுப்போட்டு வியாபாரியிட்டைத் திருப்பிக் குடுத்திடுறன். கிழவன்ரை கடைசி ஆசை” என்று போனில் சொன்னார். அந்த ஒரு சூடுதான் காலையில் புறப்பட்டுத் தேநீருக்குப் போய்ச் சேர்ந்தது.

முழங்கால் வருத்தத்தால் குலசேகரம் நின்றபடிதான் சுட்டிருந்தார். கத்தரின் பக்கவாட்டில் நின்றபடி நீளத் தடியால் ஒரு பலகையைச் சன்னத்தின் வழியில் பிடித்துப் பார்த்தார். சன்னம் நிற்கவுமில்லை, தயங்கவுமில்லை, பலகையை ஆறஅமரத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. வேகம்தான் குறைவு, வேலை அதே வேலை. ஆளிவிதை எண்ணெய்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். கிழவரின் தகப்பன் நிதானக்காரர் என்று வேறு சிலர். மற்றவர்களின் துவக்கில் அதே பெட்டித் தோட்டாவைப் போட்டால் கண் மூடித் திறக்க முதல் போய்ச் சேர்ந்தது. குலசேகரம் அன்றைக்குப் போனில் குப்பை வாளியை விட்டுவிட்டு இதைச் சொன்னார். அதைக் கேட்ட செல்வமலர், அடுத்த ஞாயிறு கழகத்துக்கு வருவதாகச் சொன்னார்.

வந்தார். சிவரூபினியைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சுடும் கோட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். வெடித்தது. கண்ணைத் திறந்தபோது நிலக்கடலைப் பருப்பளவில் சாம்பல் நிறமாய் ஒன்று காற்றில் நின்றது. உற்றுப் பார்த்தால்தான் அது நகர்வது தெரிந்தது.

“இவ்வளவுதானோ?” என்று கேட்டார்.

“இவ்வளவுதான் அக்கா” என்றார் கத்தரின். பக்கத்தில் நின்று பார்க்கலாம், முன்னுக்கு மட்டும் போகக் கூடாது என்று சொல்லி, அவரைச் சன்னத்துக்கு அருகே கூட்டிக்கொண்டு போனார்.

செல்வமலர் அதோடு கூடக் கூட நடந்தார். நடந்தபடி, ஒருவரையும் பார்க்காமல், கதைக்கத் தொடங்கினார். “நான் றோட்டுக்கு இஞ்சாலைப் பக்கம் நிண்டனான். சுடப் போறாங்கள் எண்டு கண்டிட்டன். விலத்தடா எண்டு கத்தினன். என்ரை சத்தம் அங்காலை போக முதல் அவன் விழுந்திட்டான்.” சன்னத்தைக் காட்டி, “உப்பிடி வந்திருந்தால் விலத்தியிருப்பான். வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போய்க்கூட விலத்தியிருப்பான்” என்றார்.

பிறகு இரண்டு எட்டு வைத்துச் சன்னத்துக்கு முன்னால் போய் நின்றார். “மலர்!” என்று குலசேகரம் கத்தினார். கையை நீட்டிய கத்தரின், செல்வமலரின் முகத்தைப் பார்த்துவிட்டு, முழங்கையை மட்டும் பிடித்துக்கொண்டார். ஒரு பானை அரிசி வேகிற நேரம் செல்வமலர் அசையவில்லை. சன்னம் அவருடைய கம்பளிச் சட்டைப் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்தது. அப்போது இடப்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான். அவர் நின்ற இடத்தால் அது போனது. செல்வமலருக்கு முதலில் வந்தது கோபம். இந்த ஓர் அடிக்குத் தம்பிக்கு நேரம் கொடுக்காமல் விட்டார்களே என்ற கோபம். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சுட்டவுடனேயே துவக்கைத் திறந்து, குழல் வெறுமை என்று காட்டி, வாயை இலக்குப் பக்கம் வைத்திருந்த குலசேகரம் ஓடி வந்தார். அன்று இரவு சூட்கேஸ் ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குத் திரும்பியது. துவக்கும் திரும்பியது, வியாபாரியிடம் அல்ல, மாடிப்படிக்குக் கீழே தன் அலுமாரிக்கு.

விஷயம் லண்டனின் மறுகோடியில் ஈஸ்ட் ஹாம் தமிழர் வரைக்கும் போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், சன்னத்துக்கு முன்னால் நின்று விலகிப் பார்க்க வருகிறவர்களுக்கு, ஒரு சூடு, ஓர் ஆள் என்று கழகம் விதி வைத்திருக்கிறது. நகைக்கடையில் வேலை செய்யும் றஜீனா வந்தார், கவுன்சிலில் வேலை செய்த பெனடிக்ற், தான் பறிகொடுத்த மகனின் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கத்தரின் ஒவ்வொருவரின் முழங்கையையும் பிடித்துக்கொள்வார். இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பொலிஸிலிருந்து வந்து பார்த்தவர், சன்னம் எவ்வளவு வேகத்தில் போகவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று சொல்லி, பிஸ்கட் சாப்பிட்டுப் போனார். வருகிறவர்கள் பயந்து கொஞ்சம் முந்தியே விலகப் பார்ப்பார்கள். அப்போது கோட்டுக்குப் பின்னாலிருந்து செல்வமலர் சொல்வார்:

“அவசரப்படாதைங்கோ. நல்லாப் பாருங்கோ. நேரமிருக்கு.”