ஊர் வைக்க ஓர் இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஏனோக் தன் ஜனங்களை ஓட்டிக்கொண்டு ஒரு மொட்டை மலையில் ஏறிக்கொண்டிருந்தான். ஜனங்கள் என்றால் மொத்தம் மூன்று பேர், கூட ஒரு மாட்டு வண்டி. லேப்டாப் திரையில் விரல் நகமளவுதான் இருந்தார்கள். அவர்களை எங்காவது நிறுத்தி ஒரு பட்டனை அமுக்கினால் அங்கே ஊர் முளைத்துவிடும். அப்புறம் வயல், மதில், படை, கப்பல் என்று நாலாயிரம் வருஷத்துக்கு விளையாட்டு போகும் என்று அவனே ஐடாவிடம் சொல்லியிருக்கிறான். ஆனால் அவள் கண்டவரையில் அவன் முதல் நூறு வருஷத்தைத் தாண்டியதே கிடையாது. இடம் பார்ப்பதிலேயே பாதி ஞாயிறு போய்விடும். மீதிப் பாதியில், வைத்த ஊர் சரியில்லை என்று உலகத்தையே அழித்துவிட்டு வேறொன்றைத் திறப்பான்.

அழிக்கவேண்டி வருவதற்குக் காரணம் அவனேதான். வரைபடத்தில் எங்கேயாவது தங்கம் மின்னுவதைப் பார்த்துவிட்டால் போதும், ஆற்றங்கரை, விளைநிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜனங்களை அந்தக் காய்ந்த மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். தண்ணீர் இல்லாமல் ஊர் மூன்று வீட்டோடு நின்றுவிடும். இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்த ஆபீஸ் நண்பன் உதய், "ப்ரோ, வாட்டர் இல்லாத எடத்துல யாராவது சிட்டி வெப்பாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டானாம். "ஏன், எங்க ஊரு இல்ல?" என்று இவன் கேட்டானாம். கோலார் தங்க வயலில் பிறந்தவனுக்கு அந்தக் கேள்விதான் வரும்.

வேறொரு நாளாக இருந்தால் ஐடா சிரித்துவிட்டுத் துணி மடிக்கப் போயிருப்பாள். இன்றைக்கு அவளால் சிரிக்க முடியவில்லை. பட்டணத்துப் பக்கம் காடுகோடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். ஏனோக்கின் கம்பெனிக்குப் பத்து நிமிஷ நடை. இரண்டு அறை, இரண்டாவது மாடி, கொஞ்சம் வெளிச்சம். வீட்டுக்காரர் ராஜ்குமார் நல்ல மனுஷர், இரண்டு வாரம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் காலையில் மெசேஜ் வந்திருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு ஏனோக், "நல்லாத்தான் இருக்குது" என்றான். அதற்குப் பிறகு பதின்மூன்று நாளாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் எடுத்தபோதெல்லாம் தலையை மட்டும் ஆட்டினான்.

பதினான்கு வருஷமாக அவன் கம்பெனிக்கு ரயில் பிடிக்க விடியும் முன்னே மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவன். திரும்பி வரும்போது மகள் ஆஷ்லி சாப்பிட்டுப் புத்தகத்தின் மேல் தூங்கி வழிந்துகொண்டிருப்பாள். வாரத்தில் ஒரு நாள்தான் ஐடாவுக்குப் புருஷன் என்று ஒருவன் உண்டு. அந்த ஒரு நாளிலும் சர்ச்சுக்குப் போய்வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, இந்தப் பொம்மை ஜனங்களோடு உட்கார்ந்துவிட்டால் அவள் யாரிடம் போய்ப் பேசுவது? ஆண்டர்சன்பேட்டை நர்சரி ஸ்கூலில் அவளுக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் மிஸ் மிஸ் என்று காலைச் சுற்றுகிறார்கள். அதை விட்டுவிட அவள் தயார்தான். ராத்திரிச் சாப்பாட்டை அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இதைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஆஷ்லி பாட்டு பிராக்டிஸுக்குப் போயிருந்தாள். ஐடா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க, அது ஆறுதான? அங்க வெச்சா இன்னா?"

"மேல பாரு, தங்கம் இருக்குது."

"தண்ணிக்கு?"

"அப்புறமா கொண்டாந்துக்கலாம். பேத்தமங்கலம் ஏரியில இருந்து நமக்கு பைப்பு போட்டு கொண்டாரல?"

"பைப்பு வர்ற வரைக்கும் இவங்க இன்னா குடிப்பாங்க?"

அவன் மவுஸை நிறுத்தினான். "அத்ததான் யோசிச்சிகினு இருக்கறேன்" என்று வண்டியை மலையிலிருந்து இறக்கினான். புல்வெளியில் இரண்டு கட்டம் போனான், திரும்ப ஒரு கட்டம் மேலே ஏற்றினான். மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டாள். ஊர் வைக்காமல் சுற்றிய சுற்று, முப்பத்தொன்று என்றான்.

"அம்மாடி. அதுவரிக்கும் அந்த வண்டியிலயேவா படுத்துகினு இருக்காங்க, பாவம்?"

கிண்டலாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் கோபம் வந்துவிட்டது. சுவர்க் கடிகாரம் நாலே முக்காலைத் தாண்டியிருந்தது.

"இல்லாத ஜனத்துக்கு இவ்ளோ இடம் பாக்கறீங்க. இருக்கற எங்க ரெண்டு பேருக்கு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. நான் அழுதுட்டு அடங்கிடுவேன்."

ஏனோக் திரையைப் பார்த்தபடியே சின்னக் குரலில் சொன்னான்.

"வேணாம்னு இல்ல ஐடா. எங்க தாத்தாவ குடியாத்தத்துல இருந்து கூட்டியாந்தவன் கங்காணி. இந்த இடத்த பாத்தவன் வெள்ளைக்காரன். எங்க அப்பாவுக்கு மைசூர் மைன்ஸ்ல இந்த குவார்ட்டர்ஸ குடுத்தாங்க, உள்ள வந்து பாய விரிச்சி படுத்தாரு. நான் இதுலயே பொறந்தேன். இது வரிக்கும் எங்க வீட்ல ஒருத்தரும் ஒரு இடத்த பாத்து, 'இது போதும், இங்க இருக்கலாம்'னு சொன்னதே இல்ல. நான் சொல்லி, அது தப்பாயிட்டா? ஆஷ்லிய, உன்ன, எல்லாத்தியும் இட்டுகினு போய்... எனக்கு பயமா இருக்குது."

இத்தனை நாளும் அவனுக்கு வீட்டைவிட ரயில் சிநேகிதர்களும் அவர்களோடு ஆடும் சீட்டும்தான் உசத்தி என்று அவள் நினைத்திருந்தாள். தூங்கும்போது அவன் முதுகைப் பார்த்து மனசுக்குள் திட்டியும் இருக்கிறாள். இப்போது அந்தத் திட்டையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாவம் இந்த மனுஷன் என்று இருந்தது. கூடவே கொஞ்சம் சிரிப்பும் வந்தது. சாம்பியன் சுரங்கத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவளை ஒரு திங்கட்கிழமை கல்யாணம் செய்து இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்களே, அவளிடம் யாராவது இடம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்களா? அவளும் குடித்தனம் நடத்திவிட்டாள்தானே.

"எது அந்த பட்டன்?" என்றாள்.

"இன்னா பட்டன்?"

"ஊரு வெக்கிற பட்டன்."

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அவன் கீழ்மூலையைக் காட்டினான். அவள் கையை நீட்டி அமுக்கிவிட்டாள். டம் டம் என்று மேளம் கொட்டியது. வண்டி மறைந்து, புல்லின் நடுவே மூன்று கூரைகளும் கொஞ்சம் புகையும் தெரிந்தன.

"ஐயோ ஐடா! இன்னா பண்ணிட்ட? அங்க ஒண்ணியும் இல்லியே. ஆறும் இல்ல, தங்கமும் இல்ல. வெறும் புல்லு!"

"மூணு பேரு இருக்காங்க இல்ல? தப்பாச்சுன்னா நாந்தான் வெச்சேன்னு சொல்லுங்க. ஆஷ்லி கிட்டயும் நான் சொல்லிக்கறேன்."

அவன் கை வழக்கம்போல உலகத்தை அழிக்கிற இடத்துக்குப் போனது. அங்கே போய் நின்றது. அவள் அவனைத் தடுக்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எரிச்சலா, அழுகையா என்று பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே அந்த முகத்தில் பிடிபடவில்லை. மேஜைமேல் செல்போன் அடித்தது. ராஜ்குமார். இன்னும் ஆறு ஆகவில்லை, அவரே கூப்பிடுகிறார்.

நாலாவது தடவை மணி அடித்தபோது எடுத்தான். "ஹேளி சார்" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனான். அவன் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. எதிர் வரிசை வீட்டில் யாரோ பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். போய்க் கதவோரம் நின்று கேட்கலாமா என்று தோன்றியது. போகக் கூடாது என்று முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் வேண்டாம் என்று சொன்னாலும் இனிமேல் திட்டமாட்டேன் என்று ஒரு தீர்மானம் செய்தாள். அது எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏனோக் உள்ளே வந்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தான். அவளைப் பார்க்காமல் நேராகப் படுக்கையறைக்குள் போய் இரும்பு பீரோவுக்கு முன்னால் நின்றான். "ஒந்து நிமிஷ சார். மெட்டிலு ஹத்திர பாகிலு எஷ்டு அகல இதே?" மாடிப்படிப் பக்கத்து வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்கிறான். அந்த அளவு கன்னடம் ஐடாவுக்கும் தெரியும். எழுந்து அறை வாசலில் போய் நின்றாள்.

அவன் பீரோவின் இடது ஓரத்தில் கட்டைவிரலை ஊன்றிச் சாண் போட ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு. அதற்குள் அந்தப் பக்கத்தில் அவர் ஏதோ சொல்ல, இவன் "ஹௌது சார், ஹௌது" என்று ஆமாம் போட்டு எண்ணிக்கையைத் தவறவிட்டு, மறுபடி ஓரத்துக்கு வந்தான். ஒன்று, இரண்டு. அவர் மறுபடியும் பேசினார். இவன் கையை எடுத்துப் போனைப் பிடிக்கப் போனான். அதற்குள் ஐடா பக்கத்தில் வந்து, அவன் சுண்டுவிரல் நின்ற இடத்தில் தன் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.